மாமனாரும் மாப்பிள்ளையும் மூன்று வகைத் தண்ணீரும்

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் மாசுபட்ட மனைகளின் நிலத்தடி நீர் மூன்று வகைப்படும். மனிதர் குடிக்கும் நீரும், நாளை குடிக்கக்கூடும் என்று கருதப்படும் நீரும் ஜி.டபிள்யூ-1. கட்டடத்தை ஒட்டி ஆழம் குறைவாகக் கிடப்பதால் நச்சு ஆவி வீட்டுக்குள் ஏறக்கூடிய நீர் ஜி.டபிள்யூ-2. ஓடை, ஏரி, கடல் என்று எதிலாவது போய்க் கலக்கும் நீர் ஜி.டபிள்யூ-3. எல்லா நிலத்தடி நீரும் எங்காவது போய்ச் சேர்ந்தே ஆகவேண்டும் என்பதால் மூன்றாவது வகை எல்லா மனைக்கும் பொருந்தும். ஒரே நீர் மூன்று வகையிலும் இருக்கலாம். அப்போது மூன்றின் வரம்புக்கும் அது கட்டுப்பட வேண்டும்.

1983-இல் வந்த 21-இ சட்டமும், 1993-இல் திருத்தி எழுதப்பட்ட அதன் விதித்தொகுப்பும் இந்த ஏற்பாட்டுக்கு அடிப்படை. அதை விளக்க இங்கே இருவர் பேசுகிறார்கள். ஒருவர், மளிகைக் கடையில் சேர்த்த பணத்தில் பழைய பெட்ரோல் பங்க் இருந்த மூலை மனையை வாங்க நினைக்கும் மாமனார். மற்றவர், மாசுபட்ட மனைகளுக்குச் சான்று தரும் 'உரிமம் பெற்ற தள வல்லுநர்' ஆன மாப்பிள்ளை.

பொறுப்பு

சட்டத்தின் முதல் கேள்வி நீரைப் பற்றியது அல்ல. யார் பணம் கட்டுவது என்பதே அது.

மாமனார்: மனை மலிவா வருது மாப்பிள்ளை. பங்க் மூடி ரொம்ப வருஷமாச்சு. தொட்டியையெல்லாம் தோண்டி எடுத்துட்டாங்களாம். ஒரு கடை கட்டிடலாம்னு பாக்குறேன்.

மாப்பிள்ளை: மலிவுக்குக் காரணம் கீழே இருக்கு மாமா. வெளியே வந்தது தொட்டிதான். அது ஒழுகினது உள்ளேயே இருக்கு.

மாமனார்: ஒழுக விட்டது நான் இல்லையே!

மாப்பிள்ளை: சட்டம் அதைக் கேக்காது. இன்னைக்கு மனை யார் பேர்ல இருக்கோ அவரும் பொறுப்பாளி. தப்பு பண்ணினாரா இல்லையாங்கிற பேச்சே கிடையாது. 1998-ல, மாசுக்குக் காரணமில்லாம வாங்குறவங்களுக்குக் கொஞ்சம் பாதுகாப்பு குடுத்தாங்க. அதுவும் விதிப்படி நடந்துக்கிட்டாத்தான்.

மாமனார்: அப்போ விக்கிறவர் மனையை விக்கல, பழியை விக்கிறார்.

மாப்பிள்ளை: ரெண்டும் ஒரே பத்திரம்தான் மாமா.

அளவீடு

மனையில் சில இடங்களில் துளையிட்டு, அடிப்பகுதியில் மெல்லிய கீறல்கள் உள்ள இரண்டு அங்குலப் பிளாஸ்டிக் குழாய் இறக்கப்படும். மேலே இரும்பு மூடி. தேங்கிய நீரை மெதுவாக வெளியேற்றிய பிறகு வரும் நீர், 40 மில்லி லிட்டர் கண்ணாடிக் குப்பிகளில் விளிம்புவரை நிரப்பப்படும். பெட்ரோலில் உள்ள நச்சான பென்சீனைக் கிருமிகள் தின்றுவிடாமல் இருக்கக் குப்பியில் சில சொட்டு அமிலம் முன்பே இருக்கும். மூடியதும் குப்பியைக் கவிழ்த்து விரலால் தட்டிப் பார்ப்பார்கள்.

மாமனார்: எதுக்குத் தட்டுறீங்க?

மாப்பிள்ளை: உள்ளே காத்துக் குமிழ் இருக்கான்னு பாக்கத்தான். இருந்தா பென்சீன் தண்ணியை விட்டுக் குமிழுக்குள்ள போயிடும். தண்ணி உள்ளதைவிட நல்லதாத் தெரியும்.

மாமனார்: அப்போ குமிழ் எனக்கு லாபம்!

மாப்பிள்ளை: அதனாலதான் ஆய்வகம் அதைப் பார்த்ததும் குறிச்சு வைக்கும்.

கண்டறிந்த அளவு அறிவிப்பு வரம்பைத் தாண்டினால் 120 நாட்களுக்குள் மாநிலத்துக்குத் தெரிவிக்க வேண்டும். குழாயில் நீரின் மேல் அரை அங்குலத்துக்கு எண்ணெய் மிதந்தால் 72 மணி நேரம். பெரிய அளவில் திடீரெனக் கொட்டிவிட்டால் இரண்டே மணி நேரம்.

மாமனார்: தெரிஞ்சாத்தானே சொல்லணும்? தோண்டாமலே இருந்துட்டா?

மாப்பிள்ளை: தெரிஞ்ச நேரத்துலேருந்துதான் கெடு ஓடும்.

மாமனார்: அப்போ எதையும் தோண்டிப் பாக்காதவன்தான் இந்த ஊர்ல புத்திசாலி.

மாப்பிள்ளை: கடன் கேட்டுப் போங்க. பேங்க்காரங்க முதல்ல தோண்டிப் பாக்கத்தான் சொல்லுவாங்க.

வகை பிரித்தல்

அடுத்தது அந்த நீர் எந்த வகை என்று தீர்மானிப்பது.

மாமனார்: எப்படிப் பிரிப்பீங்க? ருசி பார்த்தா, நிறம் பார்த்தா?

மாப்பிள்ளை: தண்ணியைப் பாக்கவே வேண்டாம் மாமா. வரைபடத்தைப் பார்த்தாப் போதும்.

ஜி.டபிள்யூ-1 ஆவதற்கு வழிகள் பல. மனை ஒரு தனியார் கிணற்றிலிருந்து 500 அடிக்குள் இருக்கலாம். பொதுக் குடிநீர்க் குழாயிலிருந்து 500 அடிக்கு அப்பால் இருக்கலாம். குழாய் இல்லாதவர் நாளை கிணறு தோண்டக்கூடும் என்பது இதன் கணக்கு. நல்ல ஊற்றுள்ள மணற்படுகையின் மேல் இருக்கலாம். அல்லது ஊர்க் கிணற்றுக்கு நீர் அனுப்பும் 'இரண்டாம் வளையத்துக்குள்' இருக்கலாம். 180 நாட்கள் மழை நீர் ஒரு துளியும் நிலத்தில் இறங்காமல், கிணறு அனுமதித்த முழு அளவுக்கும் இறைத்துக்கொண்டே இருந்தால் எவ்வளவு தூரத்து நீர் அதை நோக்கி வரும் என்று கணக்கிட்டு வரைவதே இந்த வளையம்.

மாமனார்: ஆறு மாசம் மழையே இல்லைங்கிறது உங்களுக்குக் கற்பனை. எங்க ராமநாதபுரத்துல அதுக்குப் பேரு நல்ல வருஷம்.

மாப்பிள்ளை: இதுக்கு விலக்கும் உண்டு மாமா. மணற்படுகை மேலேயே இருந்தாலும், ஊர்ல சதுர மைலுக்கு 4,400 பேர், அதுக்கு மேல இருந்தா, அந்தப் படுகையைக் குடிநீராக் கணக்குல எடுக்க மாட்டாங்க. தொடர்ச்சியா 100 ஏக்கர் தொழிற்சாலையோ வியாபார நிலமோ இருந்தாலும் அப்படித்தான்.

மாமனார்: 4,399 பேர் இருந்தா?

மாப்பிள்ளை: குடிநீர்.

மாமனார்: அன்னைக்கு ராத்திரி ஒரு பிள்ளை பொறந்தா?

மாப்பிள்ளை: மக்கள்தொகைக் கணக்கெடுப்பு பத்து வருஷத்துக்கு ஒருதடவைதான் மாமா. அதுவரைக்கும் பிள்ளையும் குடிக்கலாம்.

விலக்கில் ஒரு நியாயம் இல்லாமல் இல்லை. நாளொன்றுக்கு ஒரு லட்சம் காலனோ அதற்கு மேலோ தரும் பொதுக் கிணற்றைச் சுற்றி 400 அடி ஆரத்துக்கு நிலம் குடிநீர் வாரியத்தின் கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும். வீடு மேல் வீடாக நெருங்கிய ஊரில் அத்தனை காலி நிலத்துக்கு எங்கே போவது? கிணறே வர வழியில்லாத இடத்தில் குடிநீர்த் தரத்துக்குச் சுத்தம் செய்வது வீண் செலவு என்பது விதியின் வாதம். நெருக்கமாக வாழ்கிறவர்களின் காலடி நீரைத்தான் முதலில் கைகழுவுகிறார்கள் என்பது அதன் மறுபக்கம்.

எண்கள்

வகை தெரிந்ததும் எண் தெரிந்துவிடும். விதித்தொகுப்பின் அட்டவணைப்படி ஒரு லிட்டர் நீரில் பென்சீன் ஜி.டபிள்யூ-1இல் 5 மைக்ரோகிராம் வரை இருக்கலாம், ஜி.டபிள்யூ-2இல் 1,000; ஜி.டபிள்யூ-3இல் 10,000.

மாமனார்: மூணும் ஒரே பென்சீன்தானே?

மாப்பிள்ளை: ஒரே பென்சீன்தான்.

மாமனார்: ரோட்டுக்கு இந்தப் பக்கம் 5, அந்தப் பக்கம் 10,000. தண்ணிக்கு ரோடு தெரியுமா?

மாப்பிள்ளை: தெரியாது. அதனாலதான் மாசு எந்தத் திசையில நகருதுன்னும் நாங்க பாக்கணும். கோட்டைத் தாண்டி ஜி.டபிள்யூ-1க்குள்ள நுழைஞ்சா, அங்கே 5தான் கணக்கு.

உண்மையில் இந்த அட்டவணை தண்ணீரை அளப்பதில்லை. தண்ணீரிலிருந்து மனித உடலுக்குள் போகும் வழியை அளக்கிறது. வாய் வழி என்றால் 5; நாட்டின் குடிநீர் வரம்பும் அதுவே. தரையைத் துளைத்து மூக்குக்கு வர வேண்டுமானால் வழியிலேயே பெரும்பகுதி குறைந்துவிடும், ஆகவே 1,000. ஆற்றில் கலந்து மீனைத்தான் தொடும் என்றால் 10,000. வழி அடைபட்டால், நஞ்சு அப்படியே இருக்கும்போதே மனை வரம்புக்குள் வந்துவிடும்.

வழியைச் சரியாகக் கணிக்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு இதே மாநிலத்தின் வோபர்ன் நகரம் சாட்சி. அங்கே 1964-இலும் 1967-இலும் இரண்டு ஊர்க் கிணறுகள் தோண்டப்பட்டன. 1979-இல் டிரைகுளோரோஎத்திலீன் என்ற நச்சு வேதிப்பொருள் இருப்பது தெரிந்து இரண்டும் மூடப்பட்டன. ஒன்றில் லிட்டருக்கு 267 மைக்ரோகிராம் இருந்தது. குடிநீர் வரம்பு 5. ரத்தப் புற்றுநோய்க்குப் பிள்ளைகளைப் பறிகொடுத்த குடும்பங்கள் உட்பட எட்டுக் குடும்பங்கள் தொடுத்த வழக்கு 1986-இல் பாஸ்டனில் விசாரணைக்கு வந்தது. நஞ்சு எந்த மாதம் எந்த ஆண்டு கிணற்றை எட்டியது என்று சொல்லும்படி நடுவர் குழுவிடம் கேட்கப்பட்டது.

மாமனார்: மாசம் கேட்டாங்களா? தண்ணி என்ன, பஞ்சாங்கம் பார்த்துட்டா கிளம்புச்சு?

மாப்பிள்ளை: நிபுணர்களே ஒத்துப்போகல மாமா. கடைசியில ஒரு கம்பெனி 80 லட்சம் டாலர் குடுத்து சமாதானம் பண்ணிக்கிச்சு. இன்னொண்ணை நடுவர் குழு விட்டுடுச்சு.

கணக்கிடும் முறைகள்

அட்டவணையோடு நேராக ஒப்பிடுவது முதல் முறை. மனையின் தன்மைக்கேற்ப அட்டவணையின் சில எண்களைத் திருத்திக்கொள்வது இரண்டாவது. அட்டவணையை ஒதுக்கிவிட்டு அந்த மனையில் யார், எவ்வளவு நேரம், எப்படித் தொடர்பு கொள்வார்கள் என்று தனியாகக் கணக்கிடுவது மூன்றாவது. மூன்றாவதில், வாழ்நாளில் கூடுதலாக வரக்கூடிய புற்றுநோய் வாய்ப்பு ஒரு லட்சத்தில் ஒன்றுக்கு மேல் போகக் கூடாது.

மாமனார்: முதல் முறையில தேறலைன்னா மூணாவதுக்குப் போகலாமா?

மாப்பிள்ளை: போகலாம்.

மாமனார்: கணக்கு போடுறது யாரு?

மாப்பிள்ளை: என்னை மாதிரி ஒரு வல்லுநர். முன்னே அரசு அதிகாரிகளே ஒவ்வொரு மனையையும் பார்த்தாங்க. மலையாக் குவிஞ்சுது. 1993-லேருந்து உரிமம் உள்ளவங்க பாத்துக் கையெழுத்துப் போடுறோம். அரசுத் துறை பிறகு தணிக்கை பண்ணும்.

மாமனார்: உங்களுக்குக் கூலி?

மாப்பிள்ளை: மனைக்காரர் குடுப்பார்.

மாமனார்: பரீட்சை எழுதுறவனே பேப்பர் திருத்துறவருக்குச் சம்பளம் குடுக்கிறான்! அப்போ நீங்களே என் மனைக்குக் கையெழுத்துப் போட்டுடுங்க. வீட்டுப் பணம் வீட்டுலயே இருக்கும்.

மாப்பிள்ளை: போட்டா உரிமம் போயிடும் மாமா. அப்புறம் உங்க பொண்ணோட சேர்த்து எனக்கும் நீங்கதான் சோறு போடணும்.

மாமனார்: வேற ஆளையே பாருங்க.

மண்ணும் ஆவியும்

மண்ணுக்கும் எஸ்-1, எஸ்-2, எஸ்-3 என்று மூன்று வகை. யார் வருகிறார்கள், எவ்வளவு நேரம் இருக்கிறார்கள், மண்ணில் என்ன செய்கிறார்கள், மண் எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்பதைப் பொறுத்து வகை மாறும். மூடப்படாத மேல் மூன்றடி மண் கைக்கு எட்டும் மண். தார் போட்டால் அதே மண் 'எட்டக்கூடிய' மண்ணாக ஒரு படி இறங்கும். 15 அடிக்குக் கீழே இருந்தால் எட்டாத மண்.

மாமனார்: தார் போட்டா மண்ணு சுத்தமாயிடுமா?

மாப்பிள்ளை: சுத்தமாகாது. கைக்கு எட்டாது.

மாமனார்: கொல்லையில நாலு கத்தரிச் செடி வைக்கலாம்னு உங்க அத்தை சொன்னா.

மாப்பிள்ளை: அப்படி வச்சா வகை எஸ்-1. செலவு பல மடங்கு. கத்தரிக்காயைக் கடையிலேயே வாங்கச் சொல்லுங்க.

நீர்மட்டம் 15 அடிக்குள்ளும் கட்டடம் 30 அடிக்குள்ளும் இருந்தால் ஜி.டபிள்யூ-2. அங்கே ஆவி தரையின் வெடிப்பு வழியாக ஏறும். தரைக்கு அடியில் குழாய் வைத்து, மின்விசிறியால் ஆவியை உறிஞ்சிக் கூரைக்கு மேலே விடுவது வழக்கமான பரிகாரம். விசிறியை நம்பியே மனையை மூடுவதானால், அது நின்றால் தகவல் அனுப்பும் கருவியும் வேண்டும்.

மாமனார்: விசிறி எவ்வளவு நாள் ஓடணும்?

மாப்பிள்ளை: கீழே நஞ்சு இருக்கிற வரைக்கும்.

முடித்தல்

அறிவிப்புக்குப் பின் ஓராண்டுக்குள் மனை சுத்தமாகி முடிய வேண்டும். இல்லையேல் அதன் கடுமைக்கேற்ப நிலை வகுக்கப்படும். நிரந்தரத் தீர்வு இரண்டு விதம். நிபந்தனையற்ற நிரந்தரத் தீர்வு என்றால் அந்த மனையில் எதையும் செய்யலாம். நிபந்தனையுள்ள நிரந்தரத் தீர்வு என்றால் பெரும்பாலும் பயன்பாட்டுக் கட்டுப்பாடு பத்திரப் பதிவகத்தில் பதிவாகி, இனி வரும் ஒவ்வொரு கிரயப் பத்திரத்திலும் தொடரும். இயலுமானால் மாசு இல்லாத இயல்பு நிலைக்கே கொண்டுவர வேண்டும் என்றும் விதி சொல்கிறது. செலவு பயனை மிஞ்சினால் அது 'இயலாதது' ஆகிவிடும்.

மாமனார்: சுருக்கமாச் சொல்றேன், சரியான்னு பாருங்க. விஷம் அங்கேயே இருக்கும். கத்தரி நடக் கூடாது, தாரைப் பேக்கக் கூடாது, வீடு கட்டக் கூடாது, விசிறி நிக்கக் கூடாது. இதெல்லாம் ஒழுங்கா நடக்கிற வரைக்கும் மனை சுத்தம்.

மாப்பிள்ளை: விதித்தொகுப்புலகூட இவ்வளவு தெளிவா இல்ல மாமா.

மாமனார்: சரி, விலையில எவ்வளவு குறைக்கச் சொல்லலாம்?

மாப்பிள்ளை: மண்ணைத் தோண்டி எடுக்கிற செலவு, கண்காணிப்புக் குழாய்ச் செலவு, விசிறிக்கு வருஷக்கணக்கா கரண்ட், வல்லுநர் கூலி, நாலையும் கழிச்சுக்கிட்டுப் பேசுங்க.

மாமனார்: நாலையும் கழிச்சா அவர்தான் எனக்குப் பணம் தரணும்!

மாப்பிள்ளை: சில மனைக்கு அதுதான் மாமா சரியான விலை.