கட்டிலுக்குக் கார்டு உண்டாடே?

ஏலே பேராண்டி, திண்ணையில உக்காரு. செல்போனைக் கொஞ்சம் கவுத்து வையி. நேத்து அதைத்தான என் மூஞ்சிக்கு நேரா நீட்டுன? "தாத்தா, 70 வயசு தாண்டுனா வருசத்துக்கு 5 லட்சம் வைத்தியம், ஏழை பணக்காரன் பாக்க மாட்டாவளாம், இனி என்ன கவலை?"ன்னு. பெறகு என் தோள்ல கையைப் போட்டு ஒரு படம் வேற புடிச்ச.

நல்ல சேதிதான். 2024 அக்டோபர்ல டெல்லியில ஆரம்பிச்சாங்க, ஆயுஷ்மான்னு பேரு. நம்மூருலயும் முதலமைச்சர் காப்பீட்டு அட்டை ரொம்ப நாளா இருக்கு. நெஞ்சு அடைச்சா ஸ்டென்ட் வைக்கலாம். இடுப்பெலும்பு முறிஞ்சா ஆப்ரேசன் பண்ணலாம். எல்லாஞ் சரி. வீட்டுக்கு வந்த பொறவு? அதை யாராவது கேட்டியளாடே?

மேலத்தெரு ஆச்சிக்கு மூணு வருசத்துக்கு முன்னால ஒரு பக்கம் இழுத்துக்கிச்சு. ஆஸ்பத்திரியில பத்து நாள் கிடந்தா. அட்டை காசு கட்டுச்சு, ஆச்சி பொழைச்சுக்கிட்டா. வீட்டுக்கு வந்து கட்டில்ல படுத்தவதான், இன்னும் எந்திரிக்கல. நீ காட்டுன டெல்லித் திட்டத்துல டிஸ்சார்ஜ் ஆன பொறவு மருந்து மாத்திரைக்கு 15 நாள்தான் கணக்கு. இழுத்துக்கிட்ட கையும் காலும் பதினாறாம் நாள் நீட்டிக்கிடுமா?

மிச்ச நாளை யாரு பாக்கா? மருமவதான். ரெண்டு மணி நேரத்துக்கு ஒருக்கா புரட்டிப் போடணும், இல்லன்னா முதுகு புண்ணாயிரும். மூக்குக் குழாயில கஞ்சி ஊத்தணும். டயப்பர் பாக்கெட்டுல பத்து இருக்கு, நாளைக்கு மூணு ஆகும். நீ கம்ப்யூட்டர் படிச்சவன், கணக்குப் போடு. அவ தீப்பெட்டி ஆபீசு வேலையையும் விட்டுட்டா. அந்தக் கூலியை எந்த அட்டையில ஏத்த?

முதியோர் பென்சன் 1,200 ரூவா வருது. அதுல டெல்லி பங்கு, 80 வயசுக்குக் கீழன்னா 200 ரூவா. வாழ்க!

"சட்டம் இருக்குல்லா"ம்ப. இருக்கு, 2007-ல போட்டது. பெத்தவங்களை அம்போன்னு விட்டுட்டுப் போனா மூணு மாசம் வரைக்கும் ஜெயிலு. மகனைப் புடிச்சு உள்ள போட்டுட்டா ஆச்சியைப் புரட்டிப் போடுதது யாரு? இன்ஸ்பெக்டரா?

உள்ளதையும் சொல்லணும். 2021-ல இருந்து மக்களைத் தேடி மருத்துவம்னு ஒரு புள்ள வாசப்படி ஏறி வருது. பிரசருக்கும் சக்கரைக்கும் மாத்திரை குடுக்கு. கை காலை நீட்டி மடக்கச் சொல்லிக் குடுக்கவும் ஆளு வருது. புத்தியுள்ள ஏற்பாடு. கிணத்துக்கு நடக்க முடியாதவனுக்கு வாளிதான வரணும்? ஆனா அரை மணி நேரத்துல அந்தப் புள்ள அடுத்த தெருவுக்குப் போயிரும். மிச்சம் இருபத்து மூணரை மணி நேரம் கிடக்கேடே!

ஜப்பான்காரன் 2000-லயே இதுக்குன்னு தனி காப்பீடு போட்டுட்டான். 40 வயசுல இருந்து சந்தா. பாதிச் செலவு சந்தாவுல, பாதி வரிப்பணத்துல. படுத்துட்டா குளிப்பாட்ட வீட்டுக்கே ஆளு வரும். அதுக்கு முக்காவாசிப் பேரு குடுக்கது பத்துல ஒரு பங்குதான். ஜெர்மனிக்காரன் 1995-லயே தொடங்கிட்டான். சொந்தக்காரங்களே வீட்டுல வச்சுப் பாத்தாலும் காசு உண்டுன்னுட்டான். அவனுகளுக்கு மூளை ஜாஸ்தின்னா நினைக்க? கிழடு கட்டை சட்டுன்னு போய்ச் சேராதுன்னு ஒத்துக்கிட்டானுவ, அம்புட்டுதான். நாம இன்னும் "எங்க பண்பாடு, எங்க கூட்டுக் குடும்பம்"னு மேடையில முழங்கிக்கிட்டு, ஒரு மருமவ முதுகுல மொத்தப் பண்பாட்டையும் தூக்கி வச்சிருக்கோம்.

அதனால கேளு. ஓட்டுக் கேட்டு வாரவன் ஆஸ்பத்திரிக் கட்டிலைப் பத்திப் பேசுனா, கையைப் புடிச்சு இழுத்துட்டுப் போயி ஆச்சி கட்டிலைக் காட்டு. நாளைக்கு மூணு டயப்பருங்கிற கணக்கையும் சொல்லு. பொறவு படம் புடி.

அது வரைக்கும் ஆச்சி அட்டை பத்திரமாத்தான் இருக்கு. லேமினேசன் போட்டு நல்ல கெட்டி. நேத்து ராத்திரி கரண்டு போனப்போ முதுகுப் புண்ணுக்கு அதை வச்சுத்தான் விசிறுனா மருமவ. காத்து நல்லாவே வருதுடே.