மட்டை பார்த்தல்

தொண்ணூறுகளில் ஸ்காபரோவில் நாங்கள் இருந்த மாடிக்கட்டடத்தின் கார் தரிப்பிடத்தில், மாசிக் குளிரில், பாதிக் கார்களுக்குக் கீழே பெட்டிமட்டை விரித்திருக்கும். தமிழ்க்கடையில் கேட்டால் சும்மா தருவார்கள். வாழைப்பழப் பெட்டி மட்டும் சரிவராது, அடியில் பெரிய ஓட்டை.

விடிய மட்டையை இழுத்துப் பார்ப்போம். கறுப்பு என்றால் எஞ்சின் ஒயில். சிவப்பு என்றால் கியர்பெட்டி அல்லது ஸ்டியரிங். நீலம் கண்ணாடி கழுவுகிற தண்ணி; அதற்காக யாரும் நித்திரை கெடுவதில்லை. மைனஸ் 15இல் கட்டியாகிக் கிடந்தால் சக்கர இடுக்கில் இருந்து வடிந்த பனித்தண்ணி. அதே குளிரிலும் உறையாமல், பச்சையாய், விரலில் வழுவழுத்து, இனிப்பாய் மணந்தால் கூலன்ட்.

பக்கத்துக் கார் அண்ணை ஊரில் விஞ்ஞான வாத்தியார், இங்கே இரவில் டோனட் கடை. "ஒண்டுக்கும் பயப்பிடாதையும் தம்பி. குளிருக்கு ரப்பர் சுருங்குது, சூடேற அடைபட்டிடும்" என்பார். சரிதான். ஹோஸ் சுருங்கினால் கிளிப்பின் பிடி தளர்ந்து சொட்டும். எஞ்சின் சூடானால் நின்றுவிடும். பள்ளிக்கூடம் போகப் பஞ்சிப்பட்ட பிள்ளையின் வயிற்றுவலி மாதிரி, கராஜுக்குப் போய்ச் சேரும்போது ஒழுக்கு இராது. அண்ணை ஸ்குரூட்ரைவரால் கிளிப்பை அரைச்சுற்று இறுக்குவார். கூட இறுக்கினால் பழைய ஹோஸ் வெட்டுப்படும் என்பதை, வெட்டுப்பட்ட பிறகு சொல்வார்.

இப்போது நாகரிகம் வந்துவிட்டது. காரின் அடிவயிற்றைப் பிளாஸ்டிக் தட்டொன்று மூடியிருக்கிறது. முன்னால் ஒழுகுவது உள்ளே ஓடிப் பின்னால் எங்கேயோ சொட்டும். ஸ்டியரிங் மின்சாரம், ஒழுக ஒன்றுமில்லை. நிலக்கீழ்த் தரிப்பிடத்தில் மட்டை போட்டால் நிர்வாகம் கடிதம் போடும்.

போன குளிர்காலம் கூலன்ட் விளக்கு விடிய எரியும், சூடேற அணையும். கராஜில் சாயம் விட்டார்கள், தட்டைக் கழற்றினார்கள், ஊதாவிளக்குப் பிடித்தார்கள். ஒன்றும் தெரியவில்லை. "காரை இரவு வெளியிலே விட்டுப் பார்ப்போம்" என்றான் பொடியன். மறுநாள் கைபேசிக்குப் படம் வந்தது: கிளிப்புக்குப் பக்கத்தில் பச்சையாய் ஒளிர்கிற ஒரு சொட்டு.

பில்லில் சாயத்துக்கு, தட்டுக்கு, சோதனைக்கு என்று வரிவரியாக விலை. கிளிப் இறுக்கியது இலவசம்.