மேலாண்மைக் குழு அக்கா

திருப்பூரில் பனியன் கம்பெனி இருக்கும் எந்த வீதியிலும் இவரைப் பார்க்கலாம். வெள்ளிக்கிழமை மத்தியானம் செக்கிங் மேசையை விட்டு எழுந்து, சூப்பர்வைசர் முன்னால் செல்போனை உருட்டிக்கொண்டு நிற்பவர் இவர்தான்.

"ஸ்கூல்ல மீட்டிங்குங்க."

"போன மாசந்தானே போனீங்க?"

"அது போன மாசத்து மீட்டிங்குங்க."

அரை ஷிப்ட் சம்பளம் போய்விடும். சனிக்கிழமை கவரை எண்ணும்போது அது தெரியும்.

சட்டம் என்னமோ அக்கா பக்கம்தான். 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோராக இருக்க வேண்டும். மொத்தத்தில் பாதிப் பேர் பெண்கள். 2022-இல் தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் குழுக்களை மாற்றி அமைத்தபோது, 20 பேரில் 15 பேர் பெற்றோர். பள்ளிக்கு வரும் பணம் எப்படிச் செலவாகிறது என்று இவர்கள் கேட்கலாம், வளர்ச்சித் திட்டம் போடலாம். இத்தனை அதிகாரத்தையும் கொடுத்துவிட்டு, கூடிப் பேச அரசு குறித்த நேரம் வெள்ளிக்கிழமை பிற்பகல் 3 மணி! பெற்றோர் என்றால் சாப்பிட்டுவிட்டுத் திண்ணையில் காலாட்டிக்கொண்டிருப்பவர்கள் என்று ஏதோ ஓர் அதிகாரி நினைத்திருக்கிறார். அவருடைய பிள்ளை எந்தப் பள்ளியில் படிக்கிறது என்று நாம் கேட்கக் கூடாது.

அக்கா ஆசைப்பட்டு உறுப்பினர் ஆனவர் அல்லர். "யாராச்சும் பேர் குடுங்க" என்று தலைமையாசிரியர் கேட்டபோது மற்றவர்கள் தரையைப் பார்த்தார்கள். இவர் மட்டும் நிமிர்ந்து, பிள்ளைகள் கழிப்பறையில் தண்ணீர் வருவதில்லையே என்று கேட்டுவிட்டார். கேட்டவர் தலையிலேயே வேலையைக் கட்டுவது நம் ஊர் வழக்கம்.

உள்ளாட்சியில் பாதி இடம் பெண்களுக்கு என்று 2016-இல் சட்டம் வந்தது. அதன்படி வார்டு கவுன்சிலர் ஒரு பெண்மணி. அதன்படி இல்லாமல் கூட்டத்துக்கு வருபவர் அவருடைய வீட்டுக்காரர். மூன்று மணிக் கூட்டத்துக்கு நாலேகாலுக்கு வெள்ளை வேட்டி சரசரக்க நுழைவார். "தண்ணி தானுங்க்கா? மேல பேசிட்டனுங்க. ரெண்டே நாளு." எந்த மாதத்து ரெண்டு நாள் என்று சொன்னதில்லை. பிறகு போண்டா, டீ, குரூப் போட்டோ. போட்டோ மட்டும் அன்று மாலையே அவருடைய வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் ஏறிவிடும்.

தீர்மானப் புத்தகத்தைப் புரட்டினால் ஒவ்வொரு பக்கத்திலும் "கழிப்பறைக்குத் தண்ணீர் வசதி கோருவதென ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது" என்றே இருக்கும். மாதாமாதம் அதையே எழுதி எழுதி ஆசிரியையின் கையெழுத்து முத்து முத்தாகிவிட்டது.

நகரங்களில் பகுதி சபை என்று 2022 நவம்பர் 1-ஆம் தேதி தொடங்கினார்களே, அங்கேயும் போய்ப் பார்த்தார். "அது ஸ்கூல் விஷயமுங்க, குழுவுல சொல்லுங்க" என்றார்கள். குழுவில் சொன்னால், அது மாநகராட்சி விஷயம். பாவம், தலைமையாசிரியர்! அவரும் எழுதாத மனு இல்லை. சொந்தக் காசில் இரண்டு பிளாஸ்டிக் டிரம் வாங்கி வைத்திருப்பதை வெளியே சொல்வதும் இல்லை.

வீட்டில் அக்காவின் வீட்டுக்காரர், "தலைவரே, சோறு ஆயிருச்சா?" என்பார். கூட்டத்துக்கு ஒருநாளாவது நீங்கள் போய் வாருங்கள் என்றால், அங்கே பூராவும் பொம்பளைகள்தானே என்று நழுவிவிடுவார். மகளின் குறை வேறு: "அம்மா, இனிமே போகாதம்மா. நீ கேள்வி கேக்கறேன்னு மிஸ் என்னைய மொத பெஞ்சுல உக்கார வெச்சுட்டாங்க."

கடைசியில் தண்ணீர் வந்தேவிட்டது. கொண்டுவந்தவர் கவுன்சிலரும் அல்லர், அவர் வீட்டுக்காரரும் அல்லர், கம்பெனி சூப்பர்வைசர். அக்கா மாதாமாதம் பர்மிஷன் கேட்பது பொறுக்காமல், கம்பெனி எலக்ட்ரீஷியனை அனுப்பி மோட்டாரை ரிப்பேர் செய்து கொடுத்துவிட்டார். "இனி மீட்டிங் இல்லீங்களே?" என்று நிம்மதியாகக் கேட்டார்.

"அடுத்து காம்பவுண்டு சுவருங்க" என்றார் அக்கா.

பள்ளிக் கல்வித் துறைக்கு ஒரு விண்ணப்பம்: அந்தக் கூட்டத்தை ஞாயிற்றுக்கிழமை காலைக்கு மாற்றுங்கள். ஆசிரியர்கள் கோபித்தால் வேறொரு நாள் ஈடு விடுப்பு கொடுத்துவிடலாம். போண்டாச் செலவு கொஞ்சம் கூடும், அவ்வளவுதான்.