புதுக் கிராஃபிக்ஸ் கார்டு வந்தாச்சு... மாத்தணுமா?

கே: எட்டு வருடமாக ஜிடிஎக்ஸ் 1060, 6 ஜிபி வைத்திருக்கிறேன். மானிட்டர் ஃபுல் எச்டி, 60 ஹெர்ட்ஸ். ஆர்டிஎக்ஸ் 5070 வாங்கக் கை பரபரக்கிறது. வாங்கட்டுமா?
— பொறியியல் மாணவர், திருநெல்வேலி

ப: கார்டை மாற்றுங்கள் தம்பி. ஆனால் 5070 வேண்டாம்.

2016-ல் வந்த 1060 உங்களிடம் பட்ட கடனெல்லாம் தீர்த்துவிட்டது. 'டூம்: த டார்க் ஏஜஸ்', 'இண்டியானா ஜோன்ஸ் அண்ட் த கிரேட் சர்க்கிள்' போன்ற கேம்கள் ரே டிரேசிங்குக்கான வன்பொருள் இல்லாத கார்டுகளை வாசலிலேயே நிறுத்திவிடுகின்றன. செட்டிங்ஸை எவ்வளவு இறக்கினாலும் உள்ளே விடாது. என்விடியாவும் 2025 அக்டோபரோடு இந்த வரிசைக்குப் புதுக் கேம்களுக்கான டிரைவர் தருவதை நிறுத்திவிட்டது. இனி 2028 வரை பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும்தான்.

5070 ஏன் வேண்டாம் என்பதற்கு உங்கள் மானிட்டர்தான் காரணம். அது நொடிக்கு 60 முறைதான் படத்தை மாற்றும். கார்டு 130 ஃப்ரேம் வரைந்து கொடுத்தாலும் பாதிக்கு மேல் உங்கள் கண்ணுக்கு வந்து சேராது. ஆர்டிஎக்ஸ் 5060 டிஐ 16 ஜிபி அல்லது ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டி 16 ஜிபி, இரண்டில் ஒன்றை வாங்குங்கள். மிச்சப் பணத்தை 144 ஹெர்ட்ஸ் மானிட்டரில் போடுங்கள். கார்டில் ஒரு படி மேலே போவதைவிட இந்த மானிட்டர் தரும் மாற்றம் பெரிது. மவுஸை நகர்த்திய முதல் நிமிடத்திலேயே தெரிந்துவிடும்.

கே: 5070 கார்டு 4090-க்குச் சமம் என்று என்விடியா தலைவர் ஜென்சன் ஹுவாங்கே மேடையில் சொன்னாரே?
— கோவை

ப: சொன்னார். 2025 ஜனவரியில், லாஸ் வேகஸ் மேடையில். 1,599 டாலருக்கு வந்த கார்டின் வேகம் இனி 549 டாலருக்கு என்றார். அந்தக் கணக்கு எப்படி வந்தது என்று பார்த்தால்தான் உங்கள் பணம் பிழைக்கும்.

புதிய வரிசையில் ஒரு வசதி இருக்கிறது. கேம் உண்மையாக ஒரு ஃப்ரேம் வரைந்தால், கார்டு செயற்கை நுண்ணறிவை வைத்து மேலும் மூன்று ஃப்ரேம்கூட ஊகித்துச் செருகும். ஒரு படி தயிரில் மூன்று படி தண்ணீர் சேர்த்து நான்கு படி மோர் ஆக்குகிறோமே, அதுபோல. வெயிலுக்கு மோர் தேவாமிர்தம்தான். ஆனால் பானையில் இருந்த தயிர் ஒரு படிதான். உண்மை ஃப்ரேம் 30 என்றால் திரையில் 120 ஓடும். நீங்கள் பட்டனை அழுத்தியதற்கு கேம் காட்டும் பதில் மட்டும் 30-க்குரிய மந்தத்திலேயே இருக்கும். ஊகித்த ஃப்ரேம்களைக் கழித்துவிட்டுப் பார்த்தால் 5070, பழைய 4070 சூப்பருக்குப் பக்கத்தில் நிற்கிறது. 4090 வெகு தொலைவில் இருக்கிறது.

இந்த வசதியை நான் வெறுக்கவில்லை. உண்மை ஃப்ரேம் 60-ஐத் தாண்டியிருந்தால், 'சைபர்பங்க் 2077' மாதிரி தனியாக ஆடும் கேமில் அது அழகாக வேலை செய்கிறது. துப்பாக்கிச் சண்டைப் போட்டியில் மட்டும் அணைத்துவிடுங்கள்.

இன்னொரு சங்கதி, இதைப் பலர் கவனிப்பதில்லை. படத்தைச் சிறியதாக வரைந்து பெரிதாக்கும் டிஎல்எஸ்எஸ் 4-ன் புதிய முறை, 2018-ல் வந்த ஆர்டிஎக்ஸ் 20 வரிசையிலும் வேலை செய்யும். பழைய ஆர்டிஎக்ஸ் வைத்திருப்பவர்கள் கடைக்குப் போகும் முன் டிரைவரைப் புதுப்பித்து அதை ஒருமுறை போட்டுப் பாருங்கள். செலவே இல்லாத மாற்றம் அது.

கே: 5060 டிஐ 8 ஜிபிக்கும் 16 ஜிபிக்கும் சில்லு ஒன்றுதான், வேகமும் ஒன்றுதான் என்கிறார் கடைக்காரர். பிறகு எதற்குக் கூடுதலாகக் கொடுக்க வேண்டும்?
— திருச்சி

ப: கடைக்காரர் சொன்னதில் முதல் பாதி உண்மை. சில்லு ஒன்றுதான். ஆனால் அந்தச் சில்லு வேலை செய்யும் மேசையின் அளவு வேறு. சுவரின் கல், புல்லின் பச்சை, முகத்தின் தோல் என்று கேமில் நீங்கள் பார்க்கும் அத்தனை படங்களையும் கார்டின் நினைவகத்தில் பரப்பி வைத்துக்கொண்டுதான் அது வரைகிறது. 8 ஜிபி நிரம்பிவிட்டால் மீதியை கம்ப்யூட்டரின் பொது நினைவகத்துக்குத் தள்ளிவிட்டு, வேண்டும்போதெல்லாம் ஓடிப்போய் எடுத்து வர வேண்டும். அப்போதுதான் ஓடிக்கொண்டிருந்த கேம் திக்கும். சில கேம்கள் திக்காமல் சமாளிக்கும், ஆனால் பக்கத்துச் சுவர் மட்டும் மெழுகு உருகியதுபோல் மங்கலாகவே நிற்கும். ஃப்ரேம் எண்ணிக்கையை மட்டும் பார்ப்பவருக்கு இது தெரியவே தெரியாது.

5060 டிஐ மதர்போர்டோடு பேச எட்டு பாதைகளை மட்டுமே பயன்படுத்துகிறது. உங்கள் மதர்போர்டு பழைய பிசிஐஇ 3.0 என்றால், அந்த ஓட்டம் இன்னும் மெதுவாகும். ஆகவே பழைய மெஷினில் 8 ஜிபி கார்டைப் போடுபவருக்குத்தான் அடி அதிகம். விலை குறைந்த கார்டைத் தேடி வருபவரும் பெரும்பாலும் அவர்தான். இது எனக்குப் பொறுக்கவில்லை. 2021-ல் 329 டாலருக்கு வந்த ஆர்டிஎக்ஸ் 3060-ல் 12 ஜிபி இருந்தது. நான்கு ஆண்டு கழித்து 379 டாலருக்கு 8 ஜிபி கொடுத்து, 429 டாலருக்கு 16 ஜிபி கொடுத்து, இரண்டுக்கும் ஒரே பெயர் வைப்பது வாங்குபவரைக் குழப்பும் செயல். 9060 எக்ஸ்டியிலும் ஏஎம்டி இதையேதான் செய்தது. பெட்டியில் ஜிபி எவ்வளவு என்று உங்கள் கண்ணால் படித்த பிறகே பணத்தை எடுங்கள்.

கே: ஆர்டிஎக்ஸ் 3060 டிஐ. ஃபுல் எச்டி. எல்லா கேமும் நன்றாக ஓடுகிறது. மாற்றலாமா?
— சேலம்

ப: நன்றாக ஓடுகிறது என்று நீங்களே எழுதிவிட்டீர்கள். வேண்டாம்.

கே: வாலரன்ட் மட்டும்தான் ஆடுகிறேன். 140 ஃப்ரேமுக்கு மேல் ஏற மறுக்கிறது. எந்தக் கார்டு வாங்கினால் 240 வரும்?
— தூத்துக்குடி

ப: முதலில் ஒரு சோதனை. கேமில் ரெசல்யூஷனைப் பாதியாகக் குறையுங்கள். ஃப்ரேம் சடாரென்று ஏறினால் கார்டுதான் தடை. அசையாமல் அதே 140-ல் நின்றால் தடை பிராசஸர். வாலரன்ட், கவுன்டர்-ஸ்ட்ரைக் 2 இரண்டும் பிராசஸரை நம்பி ஓடுபவை. ரேம் ஒரே குச்சியாகப் போட்டிருந்தால் அதே அளவில் இன்னொன்று சேர்த்துப் பாருங்கள். அதிலேயே கணிசமாக ஏறலாம்.

கே: பிளஸ் டூ முடித்த மகன் எண்பதாயிரம் ரூபாய்க்குக் கார்டு கேட்கிறான். வாங்கிக் கொடுக்கவும் ஆசை, பயமாகவும் இருக்கிறது.
— ஓர் அம்மா, ஈரோடு

ப: உங்கள் ஆசை, பயம் இரண்டையும் மதிக்கிறேன் அம்மா. மகனிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, எந்த ஊரில் படிக்கப் போகிறான் என்பதுதான். விடுதி என்றால் எண்பதாயிரம் ரூபாய்க் கார்டு ஈரோட்டிலும் பையன் வேறு ஊரிலும் இருப்பார்கள். செமஸ்டர் விடுமுறைக்கு வரும்போதுதான் சந்திப்பு. அப்படியானால் மடிக்கணினிதான் சரி.

வீட்டிலிருந்தே போய்வருவான் என்றால், என்ன படிப்பு என்று பாருங்கள். அனிமேஷன், கட்டடக் கலை, இயந்திரக் கற்றல் என்று போகிறவனுக்கு இந்தக் கார்டு ஆய்வகக் கருவி மாதிரி. அந்தத் துறைகளின் மென்பொருள் பல என்விடியாவின் கூடா (CUDA) வசதியை எதிர்பார்ப்பதால், என்விடியாவிலேயே வாங்குவது நல்லது. படிப்புக்குத் தேவை இல்லை, ஆட மட்டும்தான் என்றால் அதில் தப்பொன்றும் இல்லை. எண்பதாயிரத்தில் பாதி விலைக்கே அருமையாக ஆடலாம். எந்த கேமுக்காக, எந்த மானிட்டரில் என்று அவனையே ஒரு தாளில் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதும்போதே விலை இறங்கும்.

கே: லேப்டாப்பில் கார்டை மட்டும் மாற்ற முடியுமா?
— புதுச்சேரி

ப: பெரும்பாலும் முடியாது. இன்றைய லேப்டாப்புகள் அநேகமானவற்றில் அது பலகையோடு சேர்த்துப் பற்றவைக்கப்பட்டிருக்கிறது. புதிது வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். ஒரே பெயர் கொண்ட சில்லுக்கு ஒவ்வொரு மாடலிலும் வெவ்வேறு வாட் கொடுத்திருப்பார்கள். வாட் குறைந்தால் வேகமும் குறையும்.

கே: பெயர் தெரியாத 500 வாட் எஸ்எம்பிஎஸ் இருக்கிறது. ஆர்எக்ஸ் 9070 எக்ஸ்டி போடலாமா?
— மதுரை

ப: தயவுசெய்து போடாதீர்கள். அந்தக் கார்டு மட்டுமே 304 வாட் இழுக்கும். கண் இமைக்கும் நேரத்துக்கு அதற்கு மேலும் பாயும். ஏஎம்டி பரிந்துரைப்பது 750 வாட். பெயர் தெரியாத பெட்டியின் மேல் ஒட்டிய 500 என்ற எண்ணை நம்பி அறுபது எழுபதாயிரத்தை ஏன் பணயம் வைக்க வேண்டும்? எஸ்எம்பிஎஸ் செலவையும் கார்டின் விலையோடு சேர்த்துக் கணக்குப் போடுங்கள். யுபிஎஸ்ஸையும் பாருங்கள். வீடுகளில் பரவலாக இருக்கும் 600 விஏ யுபிஎஸ், சுமார் 360 வாட்தான் தாங்கும். கேம் நடுவில் மின்சாரம் போனால் அதுவும் கூடவே போய்விடும்.

பெரிய கார்டு வாங்குபவர்களுக்கு ஒரு வார்த்தை. 5090 இழுப்பது 575 வாட். 12 வோல்ட்டில் அது ஏறத்தாழ 48 ஆம்பியர். வீட்டு ஏசிக்கான பிளக்கே 16 ஆம்பியர்தான். இவ்வளவும் கட்டைவிரல் அகலமுள்ள ஒரு கனெக்டர் வழியாகப் போகிறது. அரைகுறையாகச் செருகிய கனெக்டர்கள் 4090 காலத்திலேயே உருகியிருக்கின்றன. இடைவெளி தெரியாதபடி கடைசிவரை அழுத்துங்கள். கேபினெட் கதவை மூட வேண்டும் என்பதற்காக ஒயரை மூட்டிலேயே மடக்காதீர்கள்.

கே: செகண்ட் ஹேண்ட் வாங்கலாமா? கிரிப்டோ மைனிங்கில் அடிபட்டதாக இருக்குமோ என்று பயம்.
— சென்னை

ப: 2022 செப்டம்பரில் கிரிப்டோ நாணயமான எத்தீரியம் மைனிங் தேவைப்படாத முறைக்கு மாறியதும், மைனிங் கார்டுகள் மூட்டை மூட்டையாகச் சந்தைக்கு வந்தன. அந்த அலை ஓய்ந்துவிட்டது. மைனிங்கில் இருந்தது என்பதாலேயே ஒரு கார்டு கெட்டதும் அல்ல. சீரான சூட்டில் ஓடியது, தினமும் சூடாகி ஆறுவதைவிட மேலாகக்கூட இருக்கலாம். தேய்வது பெரும்பாலும் ஃபேன், தெர்மல் பேஸ்ட், பேட்.

அந்த வருடக் கடைசியில் நானும் ஒன்று வாங்கினேன். விற்றவர் கம்ப்யூட்டரை ஆன் செய்து, டெஸ்க்டாப்பைக் காட்டி, பணத்தை வாங்கிக்கொண்டார். வீட்டில் கேமைத் திறந்த பத்தாவது நிமிடம் திரை முழுக்கக் கோடுகள். பில் கிடையாது, திரும்பக் கேட்க வழியும் கிடையாது. அன்றிலிருந்து என் நிபந்தனைகள் மூன்று: கனமான கேம் ஒன்று அரை மணி நேரம் என் கண்முன் ஓட வேண்டும், பில்லில் உள்ள சீரியல் எண் கார்டில் உள்ளதோடு பொருந்த வேண்டும், வாரன்ட்டி மிச்சம் இருந்தால் அது எனக்குச் செல்லுமா என்று அந்த பிராண்டிடமே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். ரிச்சி தெருக் கடைக்காரரோ, நண்பரின் நண்பரோ, யாராக இருந்தாலும் இதேதான். அரை மணி நேரம் ஓட்டிக் காட்டத் தயங்குபவரிடம் பேரம் பேசாதீர்கள்.

கே: இன்டெல் ஆர்க் பி580 மலிவாக இருக்கிறதே, 12 ஜிபி வேறு?
— வேலூர்

ப: 249 டாலருக்கு வந்த நல்ல கார்டு அது. ஆனால் ஏழெட்டு வருடப் பழைய பிராசஸரோடு சேர்த்தால் சோர்ந்துவிடும். மதர்போர்டில் ரீசைசபிள் பார் வசதி அவசியம். அது இல்லாத மெஷினில் இதைப் போடாதீர்கள்.

கே: இன்னும் ஆறு மாதம் பொறுத்தால் விலை இறங்காதா?
— தஞ்சாவூர்

ப: முன்பெல்லாம் 'பொறுங்கள்' என்று யோசிக்காமல் எழுதிவிடுவேன். இப்போது கை வரவில்லை. 2025-ன் பிற்பகுதியில் செயற்கை நுண்ணறிவுத் தரவு மையங்கள் நினைவகச் சில்லுகளை வாரிக்கொண்டு போனதில், சாதாரண ரேம் விலையே சில மாதங்களில் இரட்டிப்பைத் தாண்டியது. கார்டில் இருக்கும் நினைவகமும் அதே நிறுவனங்களின் ஆலைகளிலிருந்துதான் வருகிறது. பொறுத்தவருக்கு லாபம் என்ற உறுதி போய்விட்டது.

வெளியான முதல் வாரங்களில் மட்டும் ஓடாதீர்கள். 599 டாலர் என்று அறிவித்த 9070 எக்ஸ்டி, 2025 மார்ச்சில் விற்பனைக்கு வந்த அன்றே தீர்ந்து, பிறகு அந்த விலைக்குக் கிடைப்பதே அரிதாக இருந்தது. டாலரை ரூபாயாக மாற்றிப் பார்த்துக் கடைக்காரரிடம் சண்டை போடவும் வேண்டாம். அமெரிக்க விலையில் வரி சேராது. இங்கே 18 சதவீத ஜிஎஸ்டி உண்டு. உங்கள் கார்டு இன்று ஒரு கேமைத் தடுக்கிறதென்றால் இன்றைய விலையில் வாங்குங்கள். தடுக்கவில்லையென்றால் காத்திருப்பதாக நினைக்காமல் நிம்மதியாக ஆடுங்கள்.

கே: கரண்ட் பில் ஏறுமா?
— நாமக்கல்

ப: 145 வாட் 5060-க்கும் 360 வாட் 5080-க்கும் வித்தியாசம் 215 வாட். தினமும் நான்கு மணி நேரம் ஆடினால், இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வரும் நம் ரீடிங்கில் ஐம்பது யூனிட்டுக்கு மேல் கூடும். சில வீடுகளை அது அடுத்த கட்டணப் படிக்கே தள்ளிவிடும். அந்த வாட் முழுவதும் வெப்பமாக உங்கள் அறைக்குள்தான் இறங்குகிறது. சித்திரை மாதத்தில் ஏசியும் கூடுதலாக உழைக்கும்.

கே: 5070 வாங்கிப் போட்டுவிட்டேன். மானிட்டர் 165 ஹெர்ட்ஸ். இருந்தும் பழைய மாதிரியேதான் தெரிகிறது. ஏமாந்துவிட்டேனா?
— கும்பகோணம்

ப: இல்லை, பதற்றப்படாதீர்கள். கம்ப்யூட்டரின் பின்பக்கம் போங்கள். மானிட்டர் கேபிள் மதர்போர்டில் செருகியிருந்தால் பிடுங்கி, கார்டில் உள்ள டிஸ்ப்ளே போர்ட்டில் செருகுங்கள். பிறகு விண்டோஸ் டிஸ்ப்ளே செட்டிங்ஸில் ரெஃப்ரெஷ் ரேட் எவ்வளவு என்று பாருங்கள். அங்கே 60 என்று இருக்க வாய்ப்பு அதிகம். அதை 165 ஆக்கிவிட்டு மவுஸை ஒரு வட்டம் சுற்றிப் பாருங்கள். என்ன நடந்தது என்று எனக்கு எழுதுங்கள்.