முதற்பதிப்பு உசத்தி

போடி ஏலத்தில் நிறம் வெளுத்த பழைய ஏலக்காய்க்கு விலை இறங்கும். பழைய புத்தகத்துக்கு நேர்மாறு. யாரும் புரட்டாததாக இருந்தால் இன்னும் ஏறும். உதாரணத்துக்கு, லாகூரில் பேசவிடாத உரையை அம்பேத்கர் 1936இல் சொந்தச் செலவில் ‘சாதியை அழித்தொழித்தல்’ என அச்சிட்டார். 1,500 பிரதிகளும் இரண்டே மாதத்தில் தீர்ந்தன. அடிக்கோடு விழுந்து, கைமாறிக் கிழிந்த பிரதிக்குச் சந்தையில் இன்று மவுசு குறைவு. சாதியை ஒழிக்கச் சொன்ன புத்தகத்திலேயே முதற்பதிப்பு உசத்தி, பின்வந்தவை மட்டம் என்று படிநிலை!

சேகரிப்பவர் இல்லையென்றால் கறையான் தின்றிருக்குமே என்பார்கள். வாஸ்தவம். கோட்டையூர் ரோஜா முத்தையா சேர்த்த பழைய நூல்கள் அப்படித்தான் தப்பின. ஆனால் அவை சென்னை நூலகத்தில் வாசகர் மேசைக்கு வருகின்றன, கண்ணாடிப் பெட்டியில் உறங்கவில்லை. இன்னொன்று: காந்தியின் விமர்சனமும் அதற்கு அம்பேத்கர் தந்த பதிலும் 1937இன் இரண்டாம் பதிப்பில்தான் சேர்ந்தன. முதற்பதிப்பை மட்டும் வைத்திருப்பவர், அந்த விவாதத்தைப் படிக்க ஒரு மலிவுப் பதிப்பும் வாங்கியாக வேண்டும்.