எட்டாம் வள்ளல்

பாரி முல்லைக்குத் தேர் கொடுத்தான், பேகன் மயிலுக்குப் போர்வை கொடுத்தான், அதியமான் நெல்லிக்கனி கொடுத்தான் என்று பள்ளிக்கூடத்தில் ஏழு பேரை ஒப்பிக்க வைத்தார்கள். பட்டியலை அவசரப்பட்டு ஏழோடு மூடிவிட்டார்கள் என்பது என் புகார். அந்த ஏழு பேரும் ஆண்டவர்கள். இருந்ததிலிருந்து எடுத்துக் கொடுத்தார்கள். கையில் ஒன்றுமில்லாமலே கொடுக்கிற ஒருவன் இன்று நம்மிடையே இருக்கிறான். அம்மாவின் சங்கிலியைக் கூட்டுறவு வங்கியில் வைத்து, அந்தக் காசில் எத்தில் அசிட்டேட்டும் சிலிக்கா ஜெல்லும் வாங்கி, இந்திய அறிவியலை நடத்திக்கொண்டிருக்கிறான். வேதியியலில் பிஎச்.டி. செய்கிற, அல்லது செய்து முடித்து வேலை தேடுகிற அந்தப் பிள்ளைக்கு எட்டாம் வள்ளல் என்று பட்டம் தர வேண்டும். பட்டம்தானே, அரசுக்குச் செலவில்லை.

ஆராய்ச்சிக்கு அரசு நிதி தருகிறது என்று மேடைதோறும் சொல்கிறார்கள். யார் யாருக்குத் தருகிறார்கள் என்று ஒரு முறை கணக்குப் பார்த்துவிடலாம்.

நாட்டின் மொத்த உற்பத்தியில் ஆராய்ச்சிக்கும் மேம்பாட்டுக்கும் நாம் செலவிடுவது 0.64 சதவீதம். தென்கொரியா 4 சதவீதத்துக்கு மேல் செலவிடுகிறது. நம் பிள்ளைகள் பட்டம் முடிந்த கையோடு கொரியாவுக்கும் தைவானுக்கும் போஸ்ட்டாக் ஆய்வுப் பணி தேடி விமானம் ஏறுவது கிம்ச்சி மேல் உள்ள ஆசையால் அல்ல. இந்தக் குறையைத் தீர்க்கத்தான் 2023இல் சட்டம் போட்டு அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளையைக் கொண்டுவந்தார்கள். ஐந்தாண்டில் 50,000 கோடி ரூபாய் என்று முரசு கொட்டினார்கள். அதில் சுமார் 36,000 கோடி அரசுக்கு வெளியிலிருந்து, தொழில்துறையிடமிருந்தும் நன்கொடையாளர்களிடமிருந்தும் வரும் என்பது திட்டம். மொய்க் கவரை நம்பிப் பந்தல் போடுகிறவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. இங்கே பந்தலே மொய்ப்பணத்தில்தான் நிற்கிறது, சமையல்காரரை மட்டும் இப்போதே அடுப்பு மூட்டச் சொல்லியிருக்கிறார்கள்.

அடுப்பு மூட்டுகிறவன் நம் வள்ளல். நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வில் ஜே.ஆர்.எஃப். உதவித்தொகை வாங்கியவன் என்றால் மாதம் 37,000 ரூபாய், இரண்டாண்டுக்குப் பின் 42,000. 2023 ஜனவரி முதல் இதுதான் தொகை. தொகையில் எனக்குச் சண்டை இல்லை, ‘மாதம்’ என்பதில்தான். வருகைச் சான்று, நெறியாளர் கையெழுத்து, துறைத்தலைவர் கையெழுத்து, பதிவாளர் முத்திரை எல்லாம் ஏறிய பிறகும் பணம் மாதக்கணக்கில் வராது. கேட்டால் இணையதளம் மாறுகிறது, கணக்கு மாறுகிறது, வங்கி மாறுகிறது என்பார்கள். மெஸ் பில் மட்டும் எதற்கும் மாறாது. அந்த மாதங்களுக்கெல்லாம் இவன் இந்திய அரசுக்கு வட்டியில்லாமல் கைமாற்று கொடுத்திருக்கிறான். பதிலுக்கு ரசீதுகூட இல்லை.

அவனாவது அதிர்ஷ்டசாலி. நெட் இல்லாமல் மத்தியப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தவனுக்கு மாதம் 8,000. 2012இல் நிர்ணயித்த தொகை அது. அதன் பிறகு விலைவாசி ஏறிய செய்தி தில்லிக்கு எட்டவில்லை போலிருக்கிறது. நம் மாநிலப் பல்கலைக்கழகங்களில் இணைந்த கல்லூரிகளில் பலருக்கு அதுவும் கிடையாது. காலையில் டியூஷன், மாலையில் டியூஷன், நடுவில் ஆராய்ச்சி. நானோ துகளை நள்ளிரவில் தயாரிக்கிறான், பத்தாம் வகுப்புப் பாடத்தை விடியற்காலையில் நடத்துகிறான்.

சரி, நெறியாளருக்கு ஒரு திட்டம் கிடைத்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். அனுமதிக் கடிதம் ஆடியில் வரும், பணம் மாசியில் வரும், மார்ச் 31க்குள் செலவழித்துப் பயன்பாட்டுச் சான்றிதழ் தர வேண்டும். செலவழிக்காத பணம் திரும்பிப் போய்விடும். இடையில், 2025இல் விதியைத் தளர்த்தும் வரை, அரசு மின்சந்தையான ஜெம் வழியாகத்தான் வாங்க வேண்டியிருந்தது. அங்கே குறைந்த விலை சொன்னவனே வெற்றியாளன். 99.9 சதவீதத் தூய்மையில் கரைப்பான் கேட்டால் மிகக் குறைந்த விலைக்கு வருவது, பாட்டிலின் வெளிப்புறம் மட்டும் சுத்தமாக இருக்கும் சரக்கு. அதில் செய்த வினையில் எதிர்பார்த்த பொருள் வராது, எதிர்பாராத பொருள்கள் பத்து வரும். நெறியாளர் தோளில் கை போட்டு அன்பாகச் சொல்வார்: “தம்பி, இந்தத் தடவை மட்டும் நீ கைக்காசு போட்டு நல்ல பிராண்டா வாங்கிடு. பில்லை வச்சுக்கோ, அப்புறம் க்ளெய்ம் பண்ணிக்கலாம்.” அந்த ‘அப்புறம்’ ஆய்வேட்டுக்குப் பின்னிணைப்பாகத்தான் வரும். ஊற்றிய கரைப்பானையே வடித்து வடித்து ஆறேழு முறை ஓட்டுவதும், டியூட்டீரியம் ஏற்றிய குளோரோஃபார்மைச் சொட்டுக் கணக்கில் எண்ணுவதும், ஒரு என்.எம்.ஆர். நிறமாலை எடுக்கப் பக்கத்து நிறுவனத்துக்கு மாதிரிக்கு இவ்வளவு என்று தன் பையிலிருந்து கட்டுவதும் இவன் தினசரிக் கொடை.

கொடையாளியைக் கௌரவிக்க வரித்துறையும் பின்தங்கவில்லை. ஆராய்ச்சிக் கருவிகளுக்கு அரசு நிறுவனங்கள் செலுத்திவந்த ஜி.எஸ்.டி. 5 சதவீதம். 2022 ஜூலையில் சலுகையை எடுத்துவிட்டார்கள். பெரும்பாலான கருவிகளுக்கு 18 சதவீதம் ஆயிற்று. ஒரு கையால் நிதி தந்து மறு கையால் ஆறில் ஒரு பங்குக்குப் பக்கமாகப் பிடித்துக்கொள்வதற்கு ‘அறிவியல் வளர்ச்சி’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். 2024 ஜூலை பட்ஜெட்டில் ஆய்வக வேதிப்பொருள்களின் இறக்குமதி வரி 10 சதவீதத்திலிருந்து 150 சதவீதமாக ஏறியது. பதினைந்து மடங்கு. இந்தத் தலைப்பின் கீழ் எரிசாராயம் நழுவி வருகிறது என்பது செய்திகளில் வந்த காரணம். சாராயத்துக்கு வீசிய வலையில் நாட்டின் அத்தனை வேதியியல் ஆய்வகங்களும் மாட்டின. கூச்சல் எழுந்ததும் இரண்டு வாரத்துக்குள் உண்மையான ஆய்வகப் பயனாளர்களுக்குப் பழைய வரியே என்று இறங்கிவந்தார்கள். பட்ஜெட்டுக்கு அடுத்த மாதமே, வாங்கிய ஆராய்ச்சி நிதிக்கு ஜி.எஸ்.டி. கட்டவில்லை என்று தில்லி ஐ.ஐ.டி. உள்ளிட்ட நிறுவனங்களுக்கு நோட்டீஸ் போனது; தில்லி ஐ.ஐ.டி.க்கு மட்டும் 120 கோடி. அதையும் செப்டம்பரில் ஜி.எஸ்.டி. மன்றம் விலக்கு கொடுத்துத் துடைத்தது. முதலில் அடிப்பது, அழுதால் தடவிக்கொடுப்பது. இதற்கு ஓர் அமைச்சகமே இருக்கிறது.

இத்தனையையும் தாண்டி முனைவராகிவிட்டான். இனி வேலை. தகுதி என்ன? 2018இல் பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசியின் விதி சொன்னது: பல்கலைக்கழகத் துறைகளில் உதவிப் பேராசிரியராக 2021 ஜூலை முதல் பிஎச்.டி. கட்டாயம். பிறகு 2023 ஜூலை வரை தள்ளிவைத்தார்கள். 2023 ஜூலை வந்ததும் பிஎச்.டி. விருப்பம், நெட் அல்லது மாநிலத் தகுதித் தேர்வான செட் போதும் என்றார்கள். கட்டாயம் என்று நம்பி இளமையின் ஐந்தாண்டைக் கொடுத்தவர்களுக்கு வருத்தம் தெரிவித்து ஒரு வரி வரவில்லை. சரி, நெட் எழுதலாம் என்றால் 2024 ஜூனில் யுஜிசி நெட் எழுதி முடித்த மறுநாளே ரத்து; வேதியியலுக்குரிய சி.எஸ்.ஐ.ஆர். நெட் நடக்கும் முன்பே தள்ளிவைப்பு. வேதிச் சமநிலையைப் பாடத்தில் படித்தவர்களுக்கு இது புதிதல்ல: முன்னோக்கிய வினையும் பின்னோக்கிய வினையும் ஒரே வேகத்தில் நடக்கும், மொத்தத்தில் எதுவும் நகராது.

தகுதி முழுதாக இருந்தாலும் பட்டத்தின் பெயர் சரியாக இருக்க வேண்டும். பயன்பாட்டு வேதியியல், தொழிலக வேதியியல் என்று படித்தவன் அது வேதியியலுக்கு இணையானது என்று அரசாணை காட்ட வேண்டும். சிதம்பரத்தில் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணன் 2009இல் வேதியியல் நோபல் வாங்கியபோது ஊர் ஊராகப் பெருமைப்பட்டோம். அவர் இளநிலையும் முனைவர் பட்டமும் வாங்கியது இயற்பியலில். நம் அரசுக் கல்லூரி வேதியியல் துறைக்கு அவர் விண்ணப்பித்திருந்தால் சான்றிதழ் சரிபார்ப்பு மேசையிலேயே, “சார், உங்க மேஜர் பிசிக்ஸ். இணைத்தன்மைச் சான்று வாங்கிட்டு வாங்க” என்று திருப்பி அனுப்பியிருப்பார்கள். நோபல் பரிசுக்கு மதிப்பெண் போட அந்தப் படிவத்தில் கட்டமும் இல்லை.

விண்ணப்பிக்க அறிவிப்பு வர வேண்டுமே. 2019இல் ஆசிரியர் தேர்வு வாரியம் இரண்டாயிரத்து முந்நூறுக்கு மேற்பட்ட உதவிப் பேராசிரியர் இடங்களை அறிவித்தது; கட்டணம் வாங்கியது; பிறகு அந்த அறிவிப்பே காற்றோடு போனது. 2024 மார்ச்சில் 4,000 இடங்கள். ஆகஸ்டில் தேர்வு என்றார்கள், தேர்வு வரவில்லை. 2025 அக்டோபரில் புது அறிவிப்பு வந்தபோது எண்ணிக்கை 2,708 ஆகியிருந்தது. ஆவியாகும் பொருளை மூடிவைக்காமல் விட்டால் இப்படித்தான். விண்ணப்பிக்க உச்ச வயது 57 என்று வைத்திருப்பதைக் கருணை என்று நினைக்காதீர்கள். நடத்துகிற வேகம் நடத்துகிறவர்களுக்குத் தெரியும்.

அதுவரை அரசுக் கல்லூரிகளில் பாடம் நடத்துவது யார்? கௌரவ விரிவுரையாளர்கள், ஏழாயிரத்துக்கு மேற்பட்டவர்கள். நிரந்தர ஆசிரியருக்கு உள்ள அதே பாடம், அதே செய்முறை வகுப்பு, அதே தேர்வுத்தாள். 2019இல் யுஜிசி சொன்ன மதிப்பூதியம் வகுப்புக்கு 1,500 ரூபாய், மாதம் 50,000 வரை. தமிழ்நாடு சில ஆண்டுகள் 20,000 கொடுத்தது, பிறகு பெரிய மனது பண்ணி 25,000 ஆக்கியது. அதுவும் பதினொரு மாதத்துக்கு. மே மாதம் வயிறு விடுமுறையில் இருக்கும் என்று யாரோ கண்டுபிடித்திருக்கிறார்கள். அந்தக் கண்டுபிடிப்புக்கு உண்மையிலேயே ஆராய்ச்சி நிதி தரலாம். மாதம் 25,000 ரூபாய் குறைவு, ஏழாயிரம் பேர், பதினொரு மாதம்: ஆண்டுக்கு 190 கோடி ரூபாய்க்கு மேல். சமூகநீதி பேசும் மாநிலத்தின் முதல் தலைமுறைப் பட்டதாரிகளுக்கு, முதல் தலைமுறை முனைவர்கள் தங்கள் சட்டைப்பையிலிருந்து நடத்தும் இலவசக் கல்வித் திட்டம் இது. சுவரொட்டியில் மட்டும் வேறு படம் இருக்கும்.

அரசுக் கல்லூரி வேண்டாம் என்று சுயநிதிப் பொறியியல் கல்லூரிக்குப் போனால் தாளாளர் தாமே நேர்காணல் செய்வார்.

“பிஎச்.டி.யா? அப்ப சம்பளம் ஜாஸ்தி கேப்பீங்களே.”

“யுஜிசி விகிதப்படி சார்…”

“அத யுஜிசிகிட்ட கேளுங்க. இங்க கெமிஸ்ட்ரி முதல் வருஷத்துக்கு மட்டும்தான். மிச்ச நேரம் என்ன செய்வீங்க?”

“ஆராய்ச்சி சார்.”

“கரண்ட் பில் ஏறும், அது வேணாம். மே மாசம் உங்க ஊர்ப்பக்கம் எத்தனை அட்மிஷன் பிடிப்பீங்க, அத சொல்லுங்க. ஒரிஜினல் சர்டிபிகேட்ட ஆபீஸ்ல கொடுத்துட்டுப் போங்க.”

இந்த வேலையும் கிடைக்காதவர்கள் வெளியே நிற்க, உள்ளே என்ன நடந்தது என்று 2024 ஜூலையில் ஊழல் எதிர்ப்பு அமைப்பான அறப்போர் இயக்கம் வெளியிட்டது: அண்ணா பல்கலைக்கழக இணைப்பில் உள்ள 224 பொறியியல் கல்லூரிகளில் 353 ஆசிரியர்கள் ஒன்றுக்கு மேற்பட்ட கல்லூரிகளில் ஒரே நேரத்தில் முழுநேரப் பணியாளர்களாகக் கணக்கில் இருந்தார்கள். பென்சீன் வளையத்தில் எலக்ட்ரான் ஓரிடத்தில் நிற்காது, வளையம் முழுக்கப் பரவியிருக்கும் என்று முதலாண்டு மாணவனுக்கு நடத்துகிறோம். அந்தப் பாடத்தை உண்மையில் கற்றுத் தேர்ந்தவர்கள் கல்லூரி நிர்வாகிகள். அப்படிப் பரவிய ஒவ்வொரு பெயருக்கும் பின்னால் வேலை பறிபோன ஒருவர் இருக்கிறார். ஆய்வுக்கு வந்த குழுக்கள் தேநீர் குடித்துவிட்டுத் தலைகளை எண்ணிப் போயிருக்கின்றன, முகங்களைப் பார்க்கவில்லை.

நேர்வழியும் இல்லை, குறுக்குவழியாவது மலிவா? 2018 பிப்ரவரியில் பாரதியார் பல்கலைக்கழகத் துணைவேந்தரை லஞ்ச ஒழிப்புத் துறை கைது செய்தது. உதவிப் பேராசிரியர் பணிக்காக 30 லட்சம் ரூபாய், ஒரு லட்சம் ரொக்கமாகவும் 29 லட்சம் காசோலைகளாகவும் என்பது குற்றச்சாட்டு. புகார் கொடுத்தவர் வேதியியல் துறை உதவிப் பேராசிரியர். லஞ்சத்தைக் காசோலையில் வாங்கியதாக ஒரு குற்றச்சாட்டு எழக்கூடிய அளவுக்கு இந்தத் தொழிலில் அச்சம் விட்டுப்போயிருக்கிறது. ஆராய்ச்சி உதவித்தொகைக் காசோலையும் அதே சுறுசுறுப்போடு வந்தால் நன்றாக இருக்கும்.

இவ்வளவு நேரம் இவனை வள்ளல் என்று புகழ்ந்தேன். புகழ்ச்சியில் ஒரு சூது இருக்கிறது. வள்ளல் கொடுத்ததைத் திருப்பிக் கேட்க முடியாது. ‘அறிவியலுக்காகத் தியாகம்’, ‘ஆசிரியப்பணி அறப்பணி’ என்று மாலை போடுகிற ஒவ்வொருவரும் இதைத் தெரிந்தேதான் போடுகிறார்கள். மாலை விழுந்த கழுத்து சம்பளம் கேட்கக் கூசும். இவன் எதையும் விரும்பிக் கொடுக்கவில்லை. உதவித்தொகை வராத மாதங்கள், மே மாதங்கள், திரும்பாத கைக்காசு, நடக்காத தேர்வுக்குக் கட்டிய கட்டணம், முப்பதிலிருந்து நாற்பது வரை காத்திருந்த ஆண்டுகள் எல்லாம் இவனிடமிருந்து எடுத்துக்கொள்ளப்பட்டவை. எடுத்தவர்கள் பேரேட்டில் அதை ஈகை என்று எழுதிவைத்திருக்கிறார்கள்.

ஆகவே கொடுத்த பட்டத்தை நானே பறிக்கிறேன். இவன் வள்ளல் அல்ல, தனக்குக் கடன்பட்டவர்களின் கதவைத் தட்ட வேண்டியவன். இவன் கேட்பதில் ராக்கெட் விஞ்ஞானம் ஏதுமில்லை: உதவித்தொகை முதல் தேதி கணக்கில் விழ வேண்டும், ஆண்டுக்குப் பன்னிரண்டு மாதம் என்று அரசு ஒப்புக்கொள்ள வேண்டும், அறிவித்த தேர்வு அறிவித்த நாளில் நடக்க வேண்டும், ஓர் ஆசிரியர் ஒரு கல்லூரியில் மட்டும் இருக்க வேண்டும். இதற்கு ஆணையமோ அறக்கட்டளையோ தேவையில்லை, நாட்காட்டியும் கூச்சமும் போதும். அடுத்த அறிவியல் நாள் விழாவில் இவனை மேடைக்கு அழைத்துப் பொன்னாடை போர்த்த வந்தால், இவன் கையில் ஒரு பில் இருக்கட்டும். அதை வாங்கிக் கூட்டிப் பார்த்துவிட்டு, பாக்கியைக் கொடுத்த பிறகு பேசுங்கள்.