ஆறினால் வரி இல்லை

ஈஸ்ட் ஹாம், லண்டன்

அன்புள்ள அப்பாவுக்கு,

 

உங்கள் மாப்பிள்ளையின் பலகாரக் கடை எப்படிப் போகிறது என்று கேட்டிருந்தீர்கள். வடை நன்றாகப் போகிறது. வடைக்கு வரி உண்டா இல்லையா என்று படித்துப் படித்து மாப்பிள்ளைதான் பாதியாகிவிட்டார்.

இந்த நாட்டில் விற்பனை வரிக்கு வாட் என்று பெயர். 1973 ஏப்ரல் முதல் தேதி வந்தது. முட்டாள்கள் தினம் என்று யாராவது சிரித்திருந்தால் அதுதான் கடைசிச் சிரிப்பு. இப்போது விகிதம் 20 சதவீதம். அரிசி, பருப்பு, எண்ணெய், காய்கறிக்கெல்லாம் பூஜ்யம். சூடான சாப்பாடு என்றால் 20. இட்லி மாவைப் பாக்கெட்டில் விற்றால் வரி இல்லை. அதே மாவை ஊற்றி ஆவி பறக்கக் கொடுத்தால் அரசாங்கம் கையை நீட்டும்.

வடை சங்கதி இன்னும் வேடிக்கை. முழுக்க ஆறிய வடையை வாங்கிக் கட்டிக்கொண்டு போனால் வரி இல்லை. சூடு ஆறாமல் விளக்கின் கீழே வைத்தாலோ, சூடு காக்கும் பொட்டலத்தில் கட்டினாலோ, ஆர்டர் சொன்ன பிறகு சூடு பண்ணிக் கொடுத்தாலோ வரி உண்டு. வெதுவெதுப்பாக இருக்கும்போது பலகையில் ‘சூடான வடை’ என்று எழுதி வைத்தாலும் உண்டு. மாப்பிள்ளை சாக்பீஸால் அழகாக எழுதியிருந்தார். விதியைப் படித்த அன்றே ‘சூடான’ என்பதைத் துணியால் துடைத்துவிட்டார். கூட்டம் என்னவோ குறையவில்லை.

இதற்காக இங்கே ஒரு நிதியமைச்சரே பின்வாங்கியிருக்கிறார். 2012 பட்ஜெட்டில் ஜார்ஜ் ஆஸ்போர்ன், அடுப்பிலிருந்து எடுத்த சூட்டோடு விற்கும் பேஸ்டிக்கும் வரி என்றார். பேஸ்டி என்பது உள்ளே இறைச்சியும் உருளைக்கிழங்கும் வைத்த பெரிய சோமாசி. நாடே கொதித்தது. மே மாதக் கடைசியில், தானாக ஆறிக்கொண்டிருக்கும் பேஸ்டிக்கு வரி கிடையாது என்று இறங்கி வந்தார்.

நம் ஊரிலும் 2024 செப்டம்பரில் கோவைக் கூட்டத்தில் ஓர் ஓட்டல்காரர், பன்னுக்கு வரி இல்லை, க்ரீம் தடவினால் 18 சதவீதம் என்று நிதியமைச்சரிடமே சொன்னாரே, அதைப் பார்த்து மாப்பிள்ளை விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு இங்கத்திய விதிப்புத்தகத்தைத் திறந்தார். இஞ்சி பிஸ்கட்டில் செய்த பொம்மைக்குச் சாக்லேட்டில் கண் மட்டும் வைத்தால் பூஜ்யம். சாக்லேட்டில் சட்டை மாட்டிவிட்டால் 20. சிரிப்பு நின்றுவிட்டது.

கேக்குக்கு வரி இல்லை, சாக்லேட் பூசிய பிஸ்கட்டுக்கு உண்டு. அதனால் ஜாஃபா கேக் என்ற பண்டம் கேக்கா பிஸ்கட்டா என்று 1991இல் தீர்ப்பாயம் வரை வழக்குப் போனது. பழசானால் கேக் விறைக்கும், பிஸ்கட் நமுக்கும். இது விறைக்கிறது என்பதும் ஒரு காரணமாகக் கேக் கட்சியே ஜெயித்தது.

உங்களுக்குப் பிடிக்கப்போவது அப்பள வழக்கு. வாக்கர்ஸ் கம்பெனி ‘சென்சேஷன்ஸ் பாப்படம்ஸ்’ என்று ஒரு நொறுக்குத்தீனி விற்கிறது. அப்பளத்துக்கு வரி இல்லையே என்று வாதாடியது. அதில் சுமார் 40 சதவீதம் உருளைக்கிழங்குச் சரக்கு. ஆகவே சிப்ஸ் வகைதான் என்று 2024இல் தீர்ப்பாயம் சொல்லிவிட்டது. பெயரை வைத்து முடிவு செய்ய முடியாது, ஹூலா ஹூப்ஸ் என்று ஒரு தீனி இருக்கிறது என்பதற்காக அதை இடுப்பில் மாட்டிச் சுழற்றவா முடியும் என்கிற பாணியில் கேலி வேறு. நம் ஜிஎஸ்டி பட்டியலோ, எந்தப் பெயரில் அழைத்தாலும் அப்பளத்துக்கு வரி இல்லை என்கிறது. இரண்டு நாடும் பெயரைத் தள்ளிவிட்டன. ஒன்று வரி போட, ஒன்று வரி விட.

இனி கணக்குக்கு வருகிறேன். எந்த மாதக் கடைசியில் பார்த்தாலும், அதற்கு முந்தைய 12 மாத விற்பனை 90,000 பவுண்டைத் தாண்டியிருந்தால் 30 நாளுக்குள் வாட்டில் பதிய வேண்டும். மாப்பிள்ளை இரண்டு தப்புச் செய்தார். நிதியாண்டுக்கு ஒருமுறை கூட்டிப் பார்த்தால் போதும் என்று இருந்தார். இட்லி மாவுக்குத்தான் வரி இல்லையே என்று அந்த விற்பனையை விட்டுவிட்டுக் கூட்டினார். “பூஜ்யமும் ஒரு வரி விகிதம்தான் சார், அதையும் சேர்க்கணும்” என்றார் ஆடிட்டர். சேர்த்ததும் கடை வரம்பைத் தாண்டி நின்றது. பதிய வேண்டிய தேதிக்குப் பிந்திய, வரி உள்ள விற்பனைக்கெல்லாம் வரி கைக்காசிலிருந்து போனது. வடை தின்றுவிட்டுப் போனவர்களைத் தேடிப் பிடித்தா வசூலிப்பது?

இப்போது கல்லா இயந்திரத்தில் மூன்று பொத்தான்: சூடு, ஆறியது, மாவு. சூடான சாம்பார் சாதம் 6 பவுண்டுக்குப் போனால் அதில் 1 பவுண்டு அரசாங்கத்துடையது. வாங்கும் பொருளுக்குக் கொடுத்த வரியைக் கழித்துக்கொள்ளலாம்தான். ஆனால் பருப்புக்கும் எண்ணெய்க்கும் வரியே கொடுக்கவில்லை, எதைக் கழிப்பது? டப்பா, கேஸ், ஆடிட்டர் கட்டணம் என்று தேறுவது கொஞ்சம்தான். பலகாரக் கடைக்காரனை வாட் கடிப்பது இந்த இடத்தில்தான்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை கணக்குக் காட்ட வேண்டும். காலாண்டு முடிந்து ஒரு மாதமும் ஏழு நாளும் தவணை. உங்கள் சிவப்புத் துணி அட்டைப் பேரேடு இங்கே செல்லாது. 2022 ஏப்ரலிலிருந்து வாட்டில் பதிந்த எல்லோருமே மென்பொருளில்தான் கணக்கு வைக்க வேண்டும். கணக்கை 6 வருஷம் காப்பாற்ற வேண்டும். கடை ரசீதின் மை அதற்குள் வெளுத்துவிடும் என்பதால் மாப்பிள்ளை வாங்கிய கையோடு ரசீதைப் போட்டோ எடுக்கிறார். போன பிறந்தநாளில் குழந்தையை எடுத்த படங்களைவிடக் கொத்தமல்லி ரசீதுப் படங்கள்தான் அவர் போனில் அதிகம்.

வருமான வரி தனி. அதற்கு வருஷம் ஏப்ரல் 6இல் பிறக்கிறது, சித்திரைக்கு ஒரு வாரம் முன்னால். அந்த வருஷம் முடிந்த பிறகு வரும் ஜனவரி 31க்குள் இணையத்தில் கணக்குப் போடாவிட்டால், வரி பாக்கி ஒன்றும் இல்லையென்றாலும் 100 பவுண்டு அபராதம்.

தம்பி பிரியாணிப் பார்சல் கடை தொடங்கப் போவதாக அம்மா சொன்னார். அடுப்பு வாங்குவதற்கு முன்னால் கடைக்கென்று தனி வங்கிக் கணக்குத் திறக்கச் சொல்லுங்கள். வீட்டு மளிகைக்கு அதிலிருந்து ஒரு ரூபாயும் எடுக்க வேண்டாம் என்றும் சொல்லுங்கள். இங்கே ஆடிட்டருக்கு நாங்கள் கொடுத்த பணத்தில் பாதி, கடைக் கணக்கையும் வீட்டுக் கணக்கையும் பிரித்ததற்கான கூலி.

அன்புடன்,
உங்கள் மகள்